ரசீதுக்கு முன் வட்டு: படுகையின் பில்லிங் மென்பொருள் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை வட்டாரங்களில் உரக்கடைகளுக்கும் நெல் மண்டிகளுக்கும் அரவை ஆலைகளுக்கும் பில்லிங் மென்பொருள் எழுதித் தரும் நண்பர்களுக்கு, வணக்கம்.

ஐப்பசி அடைமழையில் மின்சாரம் சொல்லிக்கொண்டு போவதில்லை. அதனால் ஒரு கோரிக்கை: கமிட் (பில்லை நிலையாகப் பதியும் கட்டளை) வெற்றி என்று பதில் வந்த பிறகே ரசீதை அச்சிடுங்கள். அந்தக் கமிட்டும் வட்டைத் தொட்ட கமிட்டாக இருக்கட்டும்.

உங்கள் நிரல் எழுதச் சொன்னதும் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) "ஆயிற்று" என்றுவிடும். தரவு நினைவகத்தில்தான் கிடக்கும். லினக்ஸின் இயல்பு அமைப்பில், மாறிய பக்கத்துக்கு (நினைவகத்தின் சிறு துண்டு) 30 விநாடி வயதானால்தான் வட்டுக்குப் போகும் முறை வரும். அப்படிப்பட்டவற்றைத் தேடும் வேலை 5 விநாடிக்கு ஒருமுறை நடக்கிறது. களத்தில் குவிந்த நெல்லுக்குக் கிடங்குச் சீட்டு எழுதிக் கொடுத்த மாதிரிதான். இதற்காகக் கெர்னலைத் திட்டிப் பயனில்லை. ஒரே பக்கம் பத்து முறை மாறினாலும் ஒருமுறை எழுதினால் போதும். சிதறிய எழுத்துகளை வரிசைப்படுத்தினால் ஹார்டு டிஸ்க்கின் தலை அலைச்சல் குறையும். எந்தத் தரவு தொலையவே கூடாது என்பது மட்டும் அதற்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் லினக்ஸில் எஃப்சிங்க், விண்டோஸில் ஃப்ளஷ்ஃபைல்பஃபர்ஸ் என்ற அழைப்புகள் இருக்கின்றன.

"அதைப் போட்டால் மெதுவாகிறதே" என்பீர்கள். நிமிடத்துக்கு 7200 சுற்று சுற்றும் வட்டுக்கு ஒரு சுற்று 8.3 மில்லி விநாடி. ஒரு கமிட்டுக்கு மூன்று சுற்று என்றாலும் 25 மில்லி விநாடிதான். கவுண்டரில் யாருக்கும் தெரியப்போவதில்லை. மெதுவாவது, 1000 வரிச் சரக்குப் பட்டியலை வரிக்கொரு கமிட்டாக ஏற்றும்போது. அதற்கு 25 விநாடி ஆகும். மொத்தத்தையும் ஒரே டிரான்சாக்‌ஷனில் வைத்தால் அந்தக் காத்திருப்பு ஒருமுறைதான்.

இதைச் செய்யாமல் எஸ்க்யூலைட் தரவுத்தளத்தின் சிங்க்ரனஸ் அமைப்பை ஆஃபில் வைப்பவர்கள் உண்டு. மின்வெட்டில் கோப்பே கெடலாம். வால் (WAL) முறையில், அதாவது மாற்றங்களை முதலில் லாக் என்ற தனிப் பதிவேட்டில் எழுதும் முறையில், நார்மல் வைத்தால் கோப்பு கெடாது. ஆனால் கடைசிச் சில பில்கள் காணாமல் போகலாம். விவசாயி கையில் ரசீது இருக்கும், கணக்கில் இருக்காது. பில்லுக்கு ஃபுல்தான் சரி. மைஎஸ்க்யூஎல் தரவுத்தளம் என்றால், கமிட்டின்போது லாகை ஃப்ளஷ் செய்யும் (வட்டுக்குத் தள்ளும்) இன்னோடிபி அமைப்பு 1-இலேயே இருக்கட்டும். 2 என்று மாற்றினால் மின்வெட்டில் சுமார் ஒரு விநாடி வரவு வரை தொலையலாம்.

வட்டுக்குள்ளும் ஒரு கேஷ் (தற்காலிக நினைவகம்) இருக்கிறது. எஃப்சிங்க் வந்தால் கெர்னல் அதையும் காலிசெய்யச் சொல்லும். விண்டோஸில் டிரைவின் பாலிசீஸ் பக்கத்தில் இந்த ஃப்ளஷ்ஷை நிறுத்தும் டிக் பெட்டி உண்டு. லினக்ஸில் நோபேரியர் என்ற மவுன்ட் விருப்பம் அதே வேலையைச் செய்யும். இரண்டையும் தொடாதீர்கள். யூபிஎஸ் இருக்கிறதே என்றால், பேட்டரி செத்தது மின்வெட்டு அன்றைக்குத்தான் தெரியும். மின்சாரம் போனாலும் எழுதி முடிக்க மின்தேக்கி வைத்த எஸ்எஸ்டிக்கு மட்டும் விதிவிலக்கு தரலாம்.

கவுண்டர் திடீரென்று உறைவது வேறு சிக்கல். பயன்படுத்தக்கூடிய நினைவகம் 6 ஜிபி என்றால், லினக்ஸின் இயல்பான 20 சதவீத வரம்பில் 1.2 ஜிபி வரை எழுதாத தரவு சேரலாம். மாலை பேக்கப் அதை நிரப்பினால், பில் எழுதுபவரும் அந்த வரிசையில்தான் நிற்பார். சதவீதத்தை விட்டுவிட்டு டர்ட்டி பைட்ஸ் (எழுதாத தரவின் உச்ச வரம்பு) 64 எம்பி, பின்னணியில் எழுதத் தொடங்கும் வரம்பு 16 எம்பி என்று வைத்துப் பாருங்கள்.

எஃப்சிங்க் பிழை தந்தால் மறுபடி கூப்பிட்டுப் பார்த்து நிம்மதி அடையாதீர்கள். எழுதத் தவறிய பக்கத்தைக் கெர்னல் சுத்தமானது என்று குறித்துவிடக்கூடும். இரண்டாம் அழைப்பு பொய்யாக வெற்றி சொல்லும். 2018-இல் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளக் குழுவையே இது திடுக்கிட வைத்தது. பிழை வந்தால் நிறுத்துங்கள், லாகிலிருந்து மீளுங்கள்.

சோதிப்பது எளிது. கமிட் முடிந்த ஒவ்வொரு பில் எண்ணையும் நெட்வொர்க்கில் இன்னொரு கணினிக்கு அனுப்புங்கள். ஓடும்போதே பிளக்கைப் பிடுங்குங்கள். நிரலை மட்டும் கொன்றால் போதாது, கெர்னலிடம் தரவு பத்திரமாக இருக்கும். ரீசெட் பட்டனும் போதாது, வட்டுக்கு மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும். மீண்டும் இயக்கி, அங்கே பதிவான கடைசி எண் இங்கே இருக்கிறதா என்று பாருங்கள். ஒருமுறை தப்பித்தால் நம்பாதீர்கள். இருபது முறையாவது பிடுங்குங்கள். எண் குறைந்தால் அந்தப் பதிப்பைக் கடைக்கு அனுப்ப வேண்டாம்.

இப்படிக்கு,
படுகைக் கடைகளின் கணினிகளைப் பராமரிப்போர் சிலர்