சீட்டில் கம்பியாசோ பெயரே கிடையாது

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் விளையாட்டுப் பக்கத்தில், 2006 கால்பந்து உலகக் கோப்பையின் ஜெர்மனி–அர்ஜென்டினா கால் இறுதியைப் பற்றி, 'காலுறையில் செருகியிருந்த சீட்டில் கண்டபடியே பாய்ந்து கம்பியாசோவின் பெனால்டியைத் தடுத்தார் லேமன்' என்று எழுதியிருக்கிறீர்கள். எதிரணியில் யார் பெனால்டியை எந்தப் பக்கம் உதைப்பார் என்று ஜெர்மன் கோல்கீப்பர் லேமனுக்கு எழுதிக் கொடுத்த அந்தச் சீட்டில் இருந்தவை ஏழு பெயர்கள்: ரிகெல்மே, கிரெஸ்போ, ஹைன்சே, அயாலா, மெஸ்ஸி, ஐமார், ரொட்ரிகஸ். இதில் கம்பியாசோ எங்கே ஐயா? ஆட்டம் சமனாகி வெற்றியைப் பெனால்டிகளால் முடிவு செய்தபோது, அர்ஜென்டினாவுக்காக உதைத்த நால்வரில் அயாலாவும் ரொட்ரிகஸும்தான் சீட்டில் உண்டு. ரிகெல்மேயும் கிரெஸ்போவும் ஆட்டத்தின் நடுவிலேயே வெளியேறிவிட்டார்கள். மெஸ்ஸி பெஞ்சை விட்டு இறங்கவே இல்லை. இல்லாத பெயரைத் தேடி லேமன் சீட்டை விரித்து வைத்துக்கொண்டு நின்றார். கம்பியாசோ அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

சீட்டை எழுதியவரை 'முன்னாள் கோல்கீப்பர் ஒருவர், கீப்பர்களுக்குப் பந்து பொறுக்கிப் போடும் வேலையில் இருந்தவர்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அந்த 'ஒருவர்' ஆந்த்ரேயாஸ் கோப்கே. 1996 யூரோ கோப்பையில் இத்தாலியின் சோலா உதைத்த பெனால்டியைத் தடுத்தவர். அதே போட்டியில், வெம்பிளி அரையிறுதியில் பெனால்டி கணக்கு ஐந்துக்கு ஐந்து என்று நின்றபோது இங்கிலாந்தின் சவுத்கேட்டின் ஆறாவது உதையையும் தடுத்தவர். 2004-ல் கீப்பர் பயிற்சியாளர் செப் மையரின் இடத்துக்கு வந்து, 2021 வரை ஜெர்மன் அணியின் கீப்பர்களைத் தயார் செய்தவர். தங்கள் ஆசிரியர் குழுவுக்கு இது தெரியாமல் இருக்காது. எழுதத்தான் மனம் வரவில்லை போலும்.

'பந்து பொறுக்கிப் போடும்' அந்த வேலை என்னவென்றும் சொல்லிவிடுகிறேன். பெனால்டி 11 மீட்டர் தூரம். ஓங்கி உதைத்த பந்து அரை வினாடிக்குள் கோட்டைத் தாண்டிவிடும். கீப்பரின் எடை முன்பாதத்தில் நிற்க வேண்டும். குதிகாலில் இருந்தால் அதை முன்னே மாற்றுவதற்குள் பந்து உள்ளே போய்விடும். முதல் அடி நேர்ப் பக்கவாட்டில் போகக் கூடாது, சாய்வாக முன்னே போக வேண்டும். பக்கவாட்டில் வைத்தால் கை எட்டுவதற்குள் பந்து போஸ்ட்டை ஒட்டி உள்ளே போய்விடும். உதைப்பவரின் ஊன்றுகால் பதியும் முன்பே சாய்ந்துவிட்டால், பந்து மறுபக்கம் சாவகாசமாக உருண்டு போகும். பயிற்சியில் ஒரு செட்டுக்கு ஆறு முதல் எட்டு பந்து போதும். அதற்கு மேல் போனால் உந்தும் கால் தளர்ந்து, பாய வேண்டியவர் சரிந்து விழப் பழகிவிடுவார். எந்தப் பந்தோடு நிறுத்துவது என்று பார்க்க ஓர் ஆள் வேண்டும்.

2014 உலகக் கோப்பையிலும் இதே கதைதான். அல்ஜீரியாவுக்கு எதிராக ஜெர்மன் கீப்பர் நோயர் பெனால்டி பெட்டியை விட்டு ஓடிவந்து பந்தை வெட்டியதை 'அசட்டுத் துணிச்சல்' என்றீர்கள். பந்து எதிரணிப் பாதியில் இருக்கும்போதே பெட்டியின் விளிம்புக்கு ஏறி நிற்பதும், பாஸ் கொடுப்பவர் தலை குனிந்து காலைப் பின்னே இழுக்கும் கணத்தில் கிளம்புவதும் பழக்கி வந்தவை. அசட்டுத் துணிச்சலில் ஓடியிருந்தால் முதல் பாதியிலேயே சிவப்பு அட்டை வாங்கியிருப்பார். இன்னொரு ஜெர்மன் கீப்பரான கானின் படத்துக்குக் கீழே லேமன் என்று அச்சிட்டதை நான் கிளறப் போவதில்லை.

லேமனின் அந்தச் சீட்டு பத்து லட்சம் யூரோவுக்கு ஏலம் போய், பிறகு ஜெர்மனியின் பான் நகரிலுள்ள அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. எழுதியவர் பெயருக்குத் தங்கள் பக்கத்தில் இடமில்லை.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. கம்பியாசோ பற்றி இரண்டு வரித் திருத்தம். அடுத்த உலகக் கோப்பைக்கு அணிப் பட்டியல் போடும்போது, தலைமைப் பயிற்சியாளருக்குக் கீழே கோல்கீப்பர் பயிற்சியாளரின் பெயரும். விளையாட்டுப் பக்கத்தில் இடம் நெருக்கடி என்றால் ராசிபலனுக்குக் கீழே போட்டாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை.

இப்படிக்கு,
பழைய சந்தாதாரன்