தங்கம் இல்லை, சரசு!

அன்புள்ள சரசு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் போடவில்லை என்று திட்டாதே, பாதி நாள் சோதனை அறையிலேயே போய்விட்டது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் ரொம்ப நிம்மதி. இப்போது நீயே ஊசியில் நூல் கோக்கிறாயாமே! அதைப் படித்ததும் உன்னிடம் ஒன்று கேட்கத் தோன்றியது. கடைசியில் சொல்கிறேன்.

முதலில் உன் கேள்வி: செயற்கைக்கோளைச் சுற்றித் தங்கத்தாளா ஒட்டியிருக்கிறார்கள் என்று கேட்டிருந்தாய். தங்கத்தாள் இல்லை, அது வெப்பத்தைத் தடுக்கும் உறை. அதன் வெளித்தாள் காப்டன் என்ற பிளாஸ்டிக் ஃபிலிம். அதற்கு இயல்பாகவே தேன் நிறம். பின்பக்கம் அலுமினியம் பூசியிருப்பதால் தங்கமாக மினுங்குகிறது. அதற்குள் அலுமினியம் பூசிய மைலார் என்ற இன்னொரு வகை பிளாஸ்டிக் தாள்கள், பெரும்பாலும் பத்து இருபது அடுக்கு. முடியில் பத்தில் ஒரு பங்கு கனம்கூட இருக்காது, மூச்சு பட்டாலே பறக்கும். இரண்டு தாளுக்கு நடுவே கொசுவலை மாதிரி ஒரு பாலியெஸ்டர் வலை. விண்வெளியில் காற்று இல்லை, அதனால் தாளுக்குத் தாள் வெப்பம் கதிராகத்தான் தாவியாக வேண்டும். பளபளப்பான ஒவ்வொரு தாளும் அதில் பெரும்பகுதியைத் திருப்பி விரட்டிவிடும். தாள்கள் ஒட்டிக்கொண்டால் மட்டும் போச்சு, வெப்பம் நேராக நடந்து போய்விடும்.

இதெல்லாம் தெரிந்தும் சென்ற மாதம் நானே சொதப்பினேன். ஒரு கருவிப் பெட்டிக்கு இதே மாதிரி உறை தைத்துக்கொண்டிருந்தோம். மூலைகள் தொளதொளவென்று இருந்தது எனக்குப் பிடிக்கவில்லை. இழுத்து இறுக்கித் தைக்கச் சொன்னேன். பார்க்க அவ்வளவு நறுவிசு! வெற்றிட அறைக்குள் வைத்து, சுவர்களைத் திரவ நைட்ரஜனால் குளிரவைத்து மூன்று நாள் ஓட்டினோம். கணக்குப் போட்டதைவிட இரண்டு மடங்கு வெப்பம் ஒழுகியது. பிரித்துப் பார்த்தால் மூலைகளில் தாள்கள் நசுங்கி ஒன்றாகக் கிடந்தன. தைத்த பெண் என்னை ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான்.

ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியை 2021 டிசம்பரில் ஏவினார்களே, அதன் வெயில் மறைப்பைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது. 21 மீட்டருக்கு 14 மீட்டர், ஐந்தே அடுக்கு, நடுவில் வலைகூடக் கிடையாது. தாள்கள் ஓரத்தை நோக்கி விலகிக்கொண்டே போகும். இடையில் சிக்கிய வெப்பம் பக்கவாட்டில் வெளியே ஓடிவிடும். சூரியன் பக்கம் 85 டிகிரி, மறுபக்கம் மைனஸ் 233 டிகிரி வாக்கில்.

உன்னை மாதிரி தையல்காரர்கள் ஒரு விண்வெளி நிலையத்தையே காப்பாற்றிய கதை தெரியுமா? 1973 மே மாதம் ஸ்கைலேப் என்ற அந்த அமெரிக்க நிலையம் மேலே போகும்போதே அதன் வெளிக்கவசம் பிய்ந்துவிட்டது. உள்ளே 50 டிகிரிக்கு மேல் கொதித்தது. கீழே அவசர அவசரமாக ஒரு குடைத்துணியைத் தைத்தார்கள். பதினோராவது நாள் கிளம்பிய வீரர்கள் அதைக் கொண்டுபோய், ஒரு சிறு துவாரம் வழியாக வெளியே நீட்டி விரித்தார்கள். சூடு இறங்கியது.

சரி, இப்போது என் கேள்வி. மெத்தை ஓரம் தைக்கும்போது மூலையில் பஞ்சு அமுங்காமல் தைப்பாயே, அது எப்படி? தனிப்பட்டை வைத்துச் சேர்ப்பாயா, தையலை அகல அகலமாக விடுவாயா? எழுதினால் எனக்குப் புரியாது, படம் போட்டே அனுப்பு. அடுத்த உறையை வெட்டப் பத்து நாள்தான் இருக்கிறது.

அன்புடன்,
மல்லிகா