இறக்கிய துணியை மறுபடி தொங்கவிடுங்கள்

பின்னலாடைக் கண்காட்சி ஏற்பாட்டுக் குழுவினருக்கு,

வணக்கம். திருப்பூர்க் கண்காட்சியின் 2-ஆம் நாள் காலை, நொய்யல் ஆற்றைத் தைத்து, கீழ் விளிம்பு உப்புத் தண்ணீர்த் தொட்டியில் நனையும்படி நாங்கள் தொங்கவிட்டிருந்த நொய்யல் துணியை அரங்கிலிருந்து இறக்கிவிட்டீர்கள். பையர்கள் (ஆடை வாங்கும் நிறுவனத்தார்) வரும் நேரத்தில் கார்ப்பெட்டில் உப்புத் தண்ணீர் கசிகிறது என்று காரணம் சொன்னீர்கள். கசிந்தது உண்மைதான். தொட்டிக்கு அடியில் ஒரு தட்டு வைத்திருந்தால் தீர்ந்திருக்கும்.

இறக்கியதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஈரத்தோடு மடித்து, பாலித்தீன் பையில் திணித்து மேசைக்கடியில் போட்டிருக்க வேண்டாம்.

அது 4 மீட்டர் காடா துணி, அதாவது வெளுக்காத, சாயமேற்றாத பருத்தித் துணி. கஞ்சியும் மெழுகும் போக சோடா போட்டு நன்றாகக் கொதிக்கவைத்து அலசியது. அரைகுறையாக வெந்தால் தண்ணீர் ஏறாமல் திட்டுத்திட்டாக நின்றுவிடும். கீழ் விளிம்பிலிருந்து ஒரு சாண் உயரத்தில், வெள்ளியங்கிரியில் தொடங்கிக் காவிரியில் சேரும் வரை நொய்யல் சங்கிலித் தையலில் ஓடுகிறது. நூல் பாலியெஸ்டர். பருத்தி நூல் என்றால் அதுவும் தண்ணீரை இழுக்கும், உப்பு தையலுக்குள்ளேயே பூத்து நூலை அரித்துவிடும். விளிம்பை உப்புக் கரைசலில் நனையவிட்டால் தண்ணீர் மேலே ஏறி, ஆறு இருக்கும் உயரத்தில் காய்கிறது. உப்பு மட்டும் அங்கே வெள்ளையாகப் பூக்கிறது. இரண்டு விரல் அகலம் பூக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். மழைக்காற்று அடித்தால் இளகும், மடித்தால் உதிரும்.

உதிர்ந்துவிட்டது. சாயக்கழிவு தேங்கிய ஒரத்துப்பாளையம் அணைக்கென்று தைத்த இடம் இப்போது மொட்டையாக இருக்கிறது, உப்பெல்லாம் பையின் மூலையில். நிஜ அணையையும் இப்படி உதறிக் காலி செய்ய முடிந்திருந்தால் கீழே இருக்கும் விவசாயிகள் உங்களைக் கும்பிட்டிருப்பார்கள்.

அந்தக் கரைசலில் லிட்டருக்கு 60 கிராம் உப்பு. கருப்பு, நேவி போன்ற அடர்நிறங்களுக்கு ரியாக்டிவ் சாயத்தில் (பருத்தி இழையோடு வினைபுரிந்து ஒட்டும் சாயம்) சாயப்பட்டறைக்காரர்கள் போடும் அளவுதான் அது; 80 வரையும் போவதுண்டு. கிலோ துணிக்கு 8 லிட்டர் தண்ணீர் என்று வைத்தாலே ஏறக்குறைய அரைக் கிலோ உப்பு. சாயத்தை இழைக்குள் தள்ளிவிடுவதோடு அதன் வேலை முடிந்தது. துணியில் தங்காது, அலசும் தண்ணீரோடு முழுக்க வெளியே வந்துவிடும்.

இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததா? நொய்யலில் கலந்த சாயக்கழிவுக்காக 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதை இந்த ஊரில் யார் மறப்பார்கள்? அதன் பிறகு கழிவுநீரைச் சவ்வு வழியே வடிகட்டும் ஆர்.ஓ., மிச்சத்தைக் காய்ச்சி ஆவியாக்கும் எவாப்பரேட்டர் என்று நிறையச் செலவாகித் தண்ணீர் திரும்பக் கிடைக்கிறது. பிரிக்க முடியாத கலப்பு உப்பு மூட்டை மூட்டையாகக் குவிகிறது. அந்தச் செலவைப் பட்டறைக்காரர் தலையில் கட்டிவிட்டு, சுற்றுச்சூழல் சான்றிதழும் கேட்டு, ரேட்டிலும் குறைக்கச் சொல்கிற பையருக்குத்தான் அரங்கில் சந்தன மாலை. ஸ்டாலுக்கு ஸ்டால் பச்சை இலை போட்ட டேக் தொங்குகிறது. அவை எதுவும் கசியவில்லை, ஒப்புக்கொள்கிறோம்.

பேச்சு எங்கோ போய்விட்டது, மன்னிக்கவும். கேட்பது இதுதான்: துணியை அதே இடத்தில் மறுபடி தொங்கவிடுங்கள். பக்கத்தில் 'ஒரு கிலோ கருப்புத் துணிக்கு அரைக் கிலோ உப்பு' என்ற அட்டையும் இருக்கட்டும். கண்காட்சி முடிவதற்குள் உப்பு திரும்பப் பூக்காது. உதிர்ந்த கறையோடு தொங்கினாலும் சரி, துணியை மறுபடி தொங்கவிடுங்கள். தயவுசெய்து அதுவரை பையிலிருந்து வெளியே எடுத்து, மடிக்காமல் நிழலில் விரித்து வையுங்கள். பூஞ்சை பிடித்தால் காடாவில் கரும்புள்ளி போகாது.

தட்டை நாங்களே கொண்டுவருகிறோம்.

இப்படிக்கு,
நொய்யல் துணியைத் தைத்தவர்கள்