‘வெறும் கணக்கு’ என்று எழுதியது பற்றி

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் செட்டிநாட்டுக் கட்டுரையில் கடைசிப் பத்தியில் ஒரு வரி: ‘அன்று முதலாளிகளாகக் கப்பல் ஏறியவர்களின் பேரன் பேத்திகள் இன்று வெறும் கணக்கு எழுத விமானம் ஏறுகிறார்கள்.’ அன்று இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. எனக்கு வயது 68. 1984 முதல் 2009 வரை மஸ்கட்டில் அந்த வெறும் கணக்கைத்தான் எழுதினேன்.

கப்பல் ஏறியவர்கள் எல்லோரும் முதலாளிகள் இல்லை என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. ரங்கூன் மொகல் தெருவிலும் சிங்கப்பூர் மார்க்கெட் தெருக் கிட்டங்கிகளிலும் (செட்டியார்களின் வட்டிக்கடைகள் இருந்த கட்டடங்கள்) சம்மணம் போட்டு உட்கார்ந்து எழுதிய எத்தனையோ பேர் சம்பளத்துக்குப் போனவர்கள். கடைசிப் படியில் எடுபிடியான பெட்டியடிப் பையன், அவனுக்கு மேல் உதவியாளரான அடுத்தாள், அவருக்கு மேல் முதலாளிக்காகக் கடையை நடத்தும் ஏஜெண்டு. மூன்று வருஷத்துக்குச் சம்பள ஒப்பந்தச் சீட்டு எழுதிக்கொண்டு போவார்கள். அந்த மூன்று வருஷத்துக்குப் பேரே ‘ஒரு கணக்கு’. ‘மூத்தவன் ரெண்டு கணக்கு முடிச்சிட்டு வந்திருக்கான்’ என்று எங்கள் வீடுகளில் பெருமையாகப் பேசுவார்கள். அங்கிருந்து ஐந்தொகை, அதாவது இருப்புநிலைக் குறிப்பு, வந்தால்தான் ஊரில் இருக்கும் முதலாளிக்குத் தன் பணம் எங்கே யாரிடம் நிற்கிறது என்றே தெரியும். தாங்கள் படம் பிடித்துப் போடுகிற செட்டிநாட்டு வீடுகளின் தேக்குத் தூண்கள் அந்த ஐந்தொகையின் மேல்தான் நிற்கின்றன.

என் அப்பச்சி (எங்கள் பக்கம் அப்பாவை அப்படித்தான் அழைப்போம்) நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பல் ஏறிப் பினாங்கு போனவர். கடைசி வரை அடுத்தாள்தான், ஏஜெண்டு ஆகவில்லை. ஊருக்கு வரும்போதெல்லாம் என்னை வீட்டுப் பட்டாலையில் (கூடத்தில்) உட்கார வைத்து முந்திரி, அரைக்காணி, காணி, மாகாணி என்று பழைய பின்ன வாய்ப்பாடு கேட்பார். தப்பினால் சோறு தாமதமாகும். ‘கணக்கு உதைச்சா, ரெண்டு பக்கமும் ஒத்து வரலேன்னா, பதறாதே. வித்தியாசத்தை முதல்ல ஒன்பதால வகுத்துப் பாரு. மீதியில்லாம வகுபட்டா எங்கேயோ இலக்கம் இடம் மாறிக் கிடக்குன்னு அர்த்தம்’ என்பார். காரைக்குடி அழகப்பா கல்லூரியில் பி.காம். படித்து 1978இல் வெளியே வந்தேன். அங்கே படித்ததைவிட எனக்குக் கை கொடுத்தது அந்தப் பட்டாலைப் பாடம். மஸ்கட்டில் எனக்கு இரண்டாவது டிசம்பர் அது. 270 பைசா உதைத்தது. ஓமான் ரியாலுக்கு 1,000 பைசா, ஆகவே எல்லாத் தொகைக்கும் மூன்று தசமம். கையால் எழுதிய பேரேடு (லெட்ஜர்). இரண்டு இரவு விழித்தும் அகப்படவில்லை. பிறகு அப்பச்சி சொன்னது நினைவுக்கு வந்து வகுத்துப் பார்த்தால் முப்பது, மீதியில்லை. 140 பைசா என்பதை யாரோ 410 என்று ஏற்றியிருந்தார்கள். அன்று விடியற்காலை அந்த அறையில் நான் தனியாக உட்கார்ந்து அழுதேன். அது வெறும் கணக்கா என்று தாங்களே சொல்லுங்கள்.

எங்கள் பிள்ளையார் நோன்பு மார்கழியில் வரும். கம்பெனிக் கணக்கு முடிப்பது டிசம்பர் 31. அந்த 25 வருஷத்தில் நோன்புக்கு நான் வீட்டில் இருந்தது இரண்டே முறை. பிள்ளைகள் வரிசையாக நின்று நோன்பின் இழையை (திரி ஏற்றிய மாவை) எடுத்துக்கொண்டதை மனைவி எழுதும் கடிதத்தில்தான் படித்தேன். அப்பச்சி காலமானது ஒரு ஜனவரியில். தணிக்கைக்காரர்கள் அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தார்கள். என் பாஸ்போர்ட் முதலாளியின் இரும்புப் பெட்டியில் இருந்தது, சாவி வைத்திருந்தவர் வெளியூரில் இருந்தார். நான் வீடு வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

தாங்கள் முன்பு ஒரு செட்டிநாட்டுச் சிறப்பிதழ் போட்டீர்கள். அதில் கணக்கப்பிள்ளை வைத்து எழுதும் சாய்வு மூடி போட்ட பெட்டியின் படத்துக்குக் கீழே ‘நகைப்பெட்டி’ என்று இருந்தது. அப்போதும் எழுதினேன், பதில் இல்லை. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளுக்குப் போய்ப் பாருங்கள். பீங்கான் ஜாடியைத் துடைத்து வைத்திருப்பார்கள், பேரேடுகளை யாரும் சீண்டுவதில்லை. என் ஐயா (தாத்தா) 1942இல் பர்மாவிலிருந்து அரக்கான் வழியாக நடந்து வந்தவர். பாத்திரம் பண்டத்தையெல்லாம் வழியில் விட்டுவிட்டு, ஒரே ஒரு பேரேட்டை வேட்டியில் சுற்றிக் கொண்டு வந்தார். பின்னால் பர்மா அரசு நிலங்களை எடுத்துக்கொண்டது. அந்தப் பேரேட்டுக்கு மதிப்பில்லாமல் போயிற்று. அப்படியும் சாகும் வரை வருஷா வருஷம் அதில் வட்டி கூட்டி எழுதிக்கொண்டிருந்தார்.

இன்று போகிற பிள்ளைகளைப் பற்றியும் சொல்கிறேன். என் தம்பி மகள் துபாயில் கணக்காளர். வரியே இல்லாத ஊர் என்று பேர் வாங்கிய அமீரகத்தில் 2018 ஜனவரியில் 5 சதவீத மதிப்புக்கூட்டு வரி வந்தது. 2023 ஜூன் முதல் தொடங்கும் நிதியாண்டுகளுக்கு, 3,75,000 திர்ஹாமைத் தாண்டும் லாபத்தின் மேல் 9 சதவீத நிறுவன வரியும் வந்துவிட்டது. சவூதியில் கணக்காளராக இருக்க வேண்டுமானால் அந்நாட்டுக் கணக்காளர் அமைப்பில் பதிவு செய்தாக வேண்டும். படித்துக்கொண்டே இருந்தால்தான் இந்த வேலையில் நிற்க முடியும்.

அந்தப் பெண் முதலில் போனது வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஒரு ஏஜெண்டு மூலம். ஒன்றரை லட்சம் வாங்கிக்கொண்டு சுற்றுலா விசாவில் ஏற்றிவிட்டார். அங்கே போனால் கடையில் பில் போடும் வேலை. திரும்பி வந்தாள். பதிவு பெற்ற முகவர் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம் என்பதும், பதிவு உண்டா என்று மத்திய அரசின் இ-மைகிரேட் தளத்தில் பார்க்கலாம் என்பதும் எங்களுக்கு அப்புறம்தான் தெரிந்தது. பட்டச் சான்றிதழுக்குச் சான்றொப்ப முத்திரை வாங்கவும் அலைந்தாள். முதலில் மாநில அரசு, அடுத்து வெளியுறவு அமைச்சகம், கடைசியில் அமீரகத் தூதரகம். வரிசை தெரியாமல் இரண்டாவது இடத்துக்கு முதலில் போய், பல்லவன் ரயிலில் மறுபடி ஒரு தடவை சென்னை போய் வந்தாள்.

திருத்தம் போடும்படி நான் கேட்கவில்லை. இனி எழுதும்போது அந்த ‘வெறும்’ வேண்டாம். இந்தக் கடிதத்துக்கு இடமில்லை என்றால், முகவரின் பதிவைச் சரிபார்க்கும் முறையையும் மூன்று முத்திரைகளின் வரிசையையும் மட்டும் நான்கு வரியில் போட்டால் போதும். ஏப்ரல் இதழிலேயே வந்தால் நல்லது. அந்தப் பெண்ணின் தங்கைக்கு அந்த மாதம் பி.காம். கடைசித் தேர்வு.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்காளர்,
தேவகோட்டை.