பருவ இறுதி மடல்: சிமுலேஷன் வீட்டுப்பாடமும் திரையின் அளவும்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். இரண்டாம் பருவம் நல்லபடியாக நிறைவடைந்தது. விளையாட்டு விழா, அறிவியல் கண்காட்சி, பேச்சுப் போட்டி என எல்லாவற்றிலும் பிள்ளைகள் உற்சாகமாகக் கலந்துகொண்டார்கள். பரிசு பெற்றவர்களுக்குப் பாராட்டுகள். தேர்ச்சி அறிக்கை வழக்கம்போல் உங்கள் கையொப்பத்துக்கு வரும்.

இனி, கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டிய விஷயம். அறிவியலிலும் கணக்கிலும் ஃபெட் (PhET), ஜியோஜீப்ரா (GeoGebra) என்ற இணையதளங்களின் சிமுலேஷன்களை, அதாவது எண்களை மாற்றி மாற்றித் திரையிலேயே செய்து பார்க்கும் மாதிரிச் சோதனைகளை, வீட்டுப்பாடமாகத் தருகிறோம். பெரும்பாலான பிள்ளைகள் அவற்றைச் செல்போனில் செய்கிறார்கள். “எல்லா வேலையும் போனிலேயே நடக்கிறதே, இதற்கு மட்டும் என்ன?” என்று சிலர் கேட்டீர்கள். நியாயமான கேள்விதான். வீடியோ சின்னதாகத் தெரிந்தாலும் பாடம் புரிந்துவிடும். சிமுலேஷன் அப்படியில்லை. ஒன்றை மாற்றும் அதே நொடியில் இன்னொன்று எப்படி மாறுகிறது என்று பார்ப்பதுதான் அங்கே பாடமே.

தனி ஊசல் சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். நூலின் நீளம் 0.25 மீட்டர் என்றால் அலைவு நேரம், அதாவது ஊசல் ஒருமுறை போய்த் திரும்பி வரும் நேரம், ஏறக்குறைய 1 நொடி. 1 மீட்டர் என்றால் 2 நொடி. நீளம் நான்கு மடங்கானால் நேரம் இரு மடங்காகிறது என்பதைப் பிள்ளையே கண்டுபிடிக்க வேண்டும். நூலின் நீளத்தை மாற்ற விரலால் இழுக்கும் பட்டைதான் ஸ்லைடர். செல்போனில் அதன் மொத்த நீளமே இரண்டு சென்டிமீட்டர்கூட இருக்காது; விரல் நுனியோ ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர். 0.25 வைக்கப் போய் 0.31-இல் நின்றுவிடும், நேரம் 1.12 நொடி என்று வரும். எண்ணை விரல் மறைத்திருப்பதால் பிள்ளைக்கு அது தெரியாது. நோட்டில் கணக்கு ஒத்துவராமல் போவது பெரும்பாலும் இதனால்தான். கவனக்குறைவு என்று திட்டிவிடாதீர்கள்.

செல்போன்தான் இருக்கிறது என்றால் படுக்கைவாட்டில் திருப்பிப் பிடிக்கச் சொல்லுங்கள். ஆட்டோ-ரொட்டேட்டை முதலில் ஆன் செய்ய வேண்டும். படம் பரப்பளவில் இரண்டு மடங்குக்கு மேல் பெரிதாகும். ஸ்லைடரை இழுப்பதற்குப் பதில் அதன் இருபுறமும் உள்ள அம்புக்குறிகளைத் தட்டினால் எண் துல்லியமாக நிற்கும். கண் பாதுகாப்புக்கான மஞ்சள் வடிகட்டியை அணைத்துவிடுங்கள். அது ஆனில் இருந்தால் அமில-காரச் சோதனையில் பிஎச் தாளின் (அமிலமா காரமா என்பதை நிறத்தால் காட்டும் தாள்) நிறமே மாறித் தெரியும். ஜியோஜீப்ராவில் கீபோர்டு பாதித் திரையை மூடிக்கொள்ளும். சமன்பாட்டைத் தட்டியதும் அதை மூடிவிட்டுத்தான் வரைபடத்தைக் கவனிக்க வேண்டும்.

பத்து அங்குல டேப்லெட் போதுமானது. மவுஸுடன் லேப்டாப் இருந்தால் இன்னும் நல்லது. மவுஸை மேலே கொண்டுபோனாலே தோன்றும் சில குறிப்புகள் தொடுதிரையில் வருவதில்லை. டிவியில் போட்டுக் காட்டுபவர்கள் ஹெச்டிஎம்ஐ கேபிளைப் பயன்படுத்துங்கள். வயர்லெஸ்ஸில் கை அசைவுக்கும் படத்துக்கும் நடுவே தாமதம் வரும். டிவியின் பட அளவு ‘ஸ்ட்ரெட்ச்’சில் இருந்தால் வட்டம் நீள்வட்டமாகும், கோட்டின் சாய்வு குறைந்து தெரியும். மவுஸ் யார் கையில் இருக்கிறதோ அவர்தான் கற்றுக்கொள்கிறார், மற்றவர்கள் வேடிக்கைதான் பார்க்கிறார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லியாக வேண்டும். சில வீடுகளில் பெரியவர்களே ஸ்லைடரை நகர்த்தி, ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புகிறீர்கள். ஒரே படம் வாட்ஸ்அப் குழுவில் சுற்றி பல பிள்ளைகளின் பெயரில் வந்து சேர்கிறது. அடுத்த பருவத்திலிருந்து வெறும் ஸ்கிரீன்ஷாட்டுக்கு மதிப்பெண் கிடையாது. ஸ்லைடரைத் தொடுவதற்கு முன் என்ன நடக்கும் என்ற கணிப்பு, பிறகு கிடைத்த அளவீடுகள், இரண்டுக்கும் உள்ள வேறுபாடு: இந்த மூன்றும் பிள்ளையின் கையெழுத்தில் நோட்டில் இருக்க வேண்டும்.

இதற்காகப் புதுக் கருவி எதுவும் வாங்க வேண்டாம். பெரிய திரை இல்லாதவர்களுக்காகக் கணினி அறை பள்ளி முடிந்ததும் ஒரு மணி நேரம் திறந்திருக்கும். கணினிக்கு இருவர், பாதி நேரத்தில் மவுஸ் கைமாறும். வர விரும்புபவர்கள் வகுப்பாசிரியரிடம் பெயர் கொடுத்தால் போதும். வேலை முடித்துக் களைத்து வந்தும் பிள்ளைகளுடன் உட்கார்ந்து பாடம் பார்க்கிறீர்கள். அந்த அக்கறைக்கு ஆசிரியர்கள் அனைவரின் சார்பிலும் மனமார்ந்த நன்றி.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்