நெகட்டிவ்னு வந்தா நோய் இல்லைன்னு அர்த்தம் இல்லீங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்ங்க.

அக்டோபர் மாசம் உங்க பேப்பர்ல மார்பகப் புற்றுநோய் பத்தி வந்ததை ஒரு வரி விடாம படிச்சேன். கட்டி தட்டுப்பட்டா கூச்சப்படாம டாக்டர்கிட்ட போங்கன்னு எழுதினது ரொம்ப நல்லதுங்க. ஆனா ஆபரேஷனுக்கு அப்புறம் அஞ்சு வருஷம் மாத்திரை சாப்பிட்டா போதும்னு ஒரு எடத்துல இருந்துச்சு, எனக்கு அதுக்கு மேல படிக்க முடியல. எனக்கு அந்த மாத்திரை கிடையாது. எனக்கு வந்தது டிரிபிள் நெகட்டிவ்ங்கற வேற வகை மார்பகப் புற்றுநோய்.

கோத்தகிரி பக்கம் தேயிலைத் தோட்டத்துல கொழுந்து பறிக்கிறவ நான். 38 வயசுல கட்டி வந்துச்சு, வலி இல்ல, அதனால மூணு மாசம் யார்கிட்டயும் சொல்லல. கட்டியில சதை எடுத்துப் பாத்த பயாப்ஸி ரிப்போர்ட் வந்தப்ப ஈஆர் நெகட்டிவ், பிஆர் நெகட்டிவ், ஹெர்2 நெகட்டிவ்னு வரிசையா இருந்ததைப் பாத்து என் வீட்டுக்காரர் மாரியம்மனுக்குத் தேங்காய் உடைக்கப் போயிட்டாரு, எல்லாமே நெகட்டிவ், நோய் இல்லன்னு. திரும்பி வந்தவர்கிட்ட நான்தான் சொன்னேன். அந்த மூஞ்சிய இன்னும் மறக்க முடியல.

ஹார்மோனைப் பிடிச்சு வளர்ற கட்டியா இருந்தா, அதாவது ஈஆரோ பிஆரோ பாசிட்டிவ்னு வந்தா, அதைத் தடுக்க மாத்திரை இருக்கு, ஹெர்2ங்கற புரதம் அதிகமா இருந்தா அதுக்குன்னு ஊசி இருக்கு, இதுல அந்த மூணுமே இல்லாததால அந்த மருந்தெல்லாம் வேலை செய்யாது, கீமோதான் முக்கியமான மருந்து. கீமோவுக்கு இந்த வகை நல்லாவே கேக்கும்னு டாக்டரம்மா சொன்னாங்க. அதை எங்க சொந்தக்காரங்க ஒருத்தரும் சொல்லல, மருந்தே இல்லாத கேன்சராம்னு மட்டும் வீடு வீடா சொன்னாங்க. தயவுசெஞ்சு யார்கிட்டயும் அப்படி சொல்லாதீங்க.

எனக்கு முதல்ல சிவப்பு மருந்து, 3 வாரத்துக்கு ஒண்ணா 4 தடவை. அப்புறம் வாரா வாரம் 12 தடவை வேற மருந்து. 16 தடவை மலை இறங்கி ஏறணும். இங்கிருந்து மேட்டுப்பாளையம் 33 கிலோமீட்டர், அங்கிருந்து கோவைக்கு இன்னொரு 35. காப்பீட்டு அட்டையில மருந்து கிடைச்சுது, ஆனா கீமோ போட்ட ஒடம்போட அந்த வளைவுல பஸ்ல வர்றதுக்கு எந்த அட்டையும் இல்லீங்க. பிளாஸ்டிக் கவரை மடியில வெச்சுக்கிட்டே வருவேன்.

நான் முக்கியமா சொல்ல வந்தது காய்ச்சலைப் பத்தி. கீமோ போட்டு 7 நாள்ல இருந்து 14 நாள் வரைக்கும் ரத்தத்துல கிருமியை எதிர்க்கற வெள்ளை அணு ரொம்பக் குறையும், அப்ப 100.4 டிகிரி வந்தாலே உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும், விடியட்டும்னு இருக்கக் கூடாது. ரெண்டாவது கீமோ போட்ட ஒம்பதாவது நாள், ராத்திரி 11 மணிக்கு எனக்கு 101. நவம்பர் மாசம், நல்ல மழை. பக்கத்துல ஒரு எடத்துக்குப் போனோம், கீமோன்னு சொல்லியும் காய்ச்சல் மாத்திரை குடுத்து காலையில வரச் சொல்லிட்டாங்க. எங்க வீட்டுக்காரர் கேக்கல, பக்கத்து வீட்டு ஜீப்பை எழுப்பிக் கூட்டிட்டு இறங்கினாரு. 2009 நவம்பர்ல இந்த மலையில மண்ணு சரிஞ்சு எத்தனை பேர் போனாங்கன்னு எங்களுக்குத் தெரியும், வழியெல்லாம் அதேதான் நெனப்பு. கீழ போய் ரத்தம் பாத்தா வெள்ளை அணு 600. அஞ்சு நாள் ஆன்டிபயாட்டிக் ஏத்தினாங்க. அதுக்கப்புறம் வெள்ளை அணு குறையற அந்த ஒரு வாரம் மட்டும் மேட்டுப்பாளையத்துல பெரியம்மா வீட்லயே தங்கிட்டேன். பெரியம்மா இல்லாதவங்க என்ன பண்ணுவாங்க?

மலையில எந்த ஆஸ்பத்திரியா இருந்தாலும் கீமோ நோயாளி காய்ச்சலோட வந்தா மொதல்ல ரத்தம் எடுத்து ஆன்டிபயாட்டிக் ஊசி போட்டுட்டுத்தான் கீழ அனுப்பணும். வாரா வாரம் போடற கீமோவையாவது ஊட்டியிலயே போட்டுக்க வழி பண்ணுங்கன்னு அதிகாரிங்க காதுல விழற மாதிரி நீங்க எழுதணும்.

சிகிச்சை முடிஞ்சு 2 வருஷம் ஆச்சு. கீமோவால விரல் நுனியில மரத்துப்போனது இன்னும் முழுசா போகல, கொழுந்தைக் கிள்ளினா கிள்ளினதே தெரியாது, கண்ணால பாத்துத்தான் பறிக்கிறேன். இந்த வகை திரும்ப வர்றதா இருந்தா மொத 3 வருஷத்துலதான் பயம் அதிகம், 5 வருஷம் தாண்டிட்டா ரொம்பக் குறைஞ்சிடும்னு சொல்றாங்க. அதனால செக்கப்புக்கு முந்தின ராத்திரி தூக்கம் வராது. அப்ப போன்ல தேடறதை நிறுத்தினேன், அது ஒண்ணுதான் எனக்கு நெஜமாவே உதவி பண்ணுச்சு. சந்தேகத்தை ஒரு நோட்டுல எழுதி வெச்சு டாக்டரம்மாகிட்டயே கேட்டுக்கறேன்.

இன்னொண்ணு, ஜீன் டெஸ்ட். இந்த வகை வந்தவங்களைப் பண்ணிப் பாக்கச் சொல்றாங்க, இந்த நோய் வர்ற வாய்ப்பைக் கூட்டற பிஆர்சிஏங்கற ஜீன் கோளாறு பரம்பரையா வரும், அப்பா வழியிலயும் வரலாமாம். எனக்கு இருக்குன்னு வந்துச்சு. என் தங்கச்சிய பண்ணச் சொன்னா பொண்ணு கல்யாணம் நின்னு போயிடும்னு அழுவுறா. அவளைத் திட்ட முடியல, ஆனா விடவும் மாட்டேன். அவ தினமும் உங்க பேப்பர்தான் படிப்பா. இதைப் போட்டீங்கன்னா அவளும் படிப்பாங்க.

இப்படிக்கு,
கோத்தகிரியிலிருந்து ஒரு வாசகி