ஆப் உறைந்து நிற்கும்போது கேட்க ஆள் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் வணிகப் பக்கத்தில் சென்செக்ஸ், நிஃப்டி, தங்கம் விலை எல்லாம் தினமும் வருகிறது. அந்தப் பங்குகளை நாங்கள் வாங்கி விற்கிற ஆப்கள் என்ன லட்சணத்தில் ஓடுகின்றன என்பதைப் பற்றி மட்டும் ஒரு வரி கூட வருவதில்லை. அதற்காகத்தான் எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வேலூர், காட்பாடி பக்கம் இப்போது யாரைக் கேட்டாலும் டீமேட் கணக்கு, அதாவது பங்குகளை மின்னணு வடிவில் வைத்திருக்கிற கணக்கு, இருக்கிறது. வி.ஐ.டி.யில் படிக்கிற பையன், ராணிப்பேட்டை தோல் கம்பெனியில் கணக்கு பார்ப்பவர், ஆஸ்பத்திரியில் நைட் ஷிப்ட் முடித்துவிட்டு பஸ்ஸில் போனைப் பார்த்துக்கொண்டே வருகிற நர்ஸ், என்னைப் போல பென்ஷன் வாங்குகிறவர்கள். ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் வீட்டை விட்டு வெளியே வராமலே கணக்கு திறந்துவிடலாம், நல்ல விஷயம்தான். முன்பெல்லாம் புரோக்கர் ஆபீசுக்குப் போய் டீலர் முன்னால் நிற்க வேண்டும், அவர் சொல்கிற கமிஷன்தான் கமிஷன். அது ஒழிந்ததில் யாருக்கும் வருத்தமில்லை. ஆனால் ஆர்டர் ஏன் போகவில்லை என்று அந்த டீலரை எதிரே நின்று கேட்க முடிந்தது. இப்போது யாரைக் கேட்பது?

சந்தை மளமளவென்று சரிகிற நாளில்தான் இந்தக் கேள்வி வரும். 2024 ஜூன் 4, மக்களவைத் தேர்தல் முடிவு வந்த அன்று சென்செக்ஸ் ஒரே நாளில் 4,000 புள்ளிகளுக்கு மேல் விழுந்தது, அன்று உள்ளே நுழையவே முடியவில்லை, ஆர்டர் போகவில்லை என்று பல நிறுவனங்களின் வாடிக்கையாளர்களும் சமூக ஊடகங்களில் கொதித்தார்கள். என் தலையில் விழுந்தது வேறொரு நாள். சந்தை 9.15க்குத் திறந்த கையோடு ஒரு பங்கை விற்கலாம் என்று போனால், கையில் உள்ள பங்குகளைக் காட்டுகிற ஹோல்டிங்ஸ் பக்கம் காலி, வருஷக்கணக்கில் சேர்த்தது எதுவுமே இல்லை என்கிறது. கொஞ்ச நேரம் கழித்து எல்லாம் திரும்பி வந்தது, ஆர்டர் போட்டேன், அது 'பெண்டிங்' என்று நின்றது, நின்றது, நின்றுகொண்டே இருந்தது. கேன்சல் செய்யவும் விடவில்லை. பக்கத்தில் அதே வைஃபையில் என் மகன் வேறு நிறுவனத்தின் ஆப்பில் எந்தத் தடங்கலும் இல்லாமல் விற்றுக்கொண்டிருந்தான். சாட்டில் பதில் சொல்வது ரோபோ. போன் செய்தால் பாட்டு. பல நிறுவனங்களில் போன் வழியாக ஆர்டர் போட்டால் ஒரு ஆர்டருக்கு 50 ரூபாய், அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி, சரி, அதைக் கொடுக்கவும் தயார்தான், எடுக்க ஆள் வேண்டுமே! கடைசியில் டிக்கெட் போட்டதற்கு ஆங்கிலத்தில் வந்த பதிலின் சாரம்: உங்கள் இணைய வேகத்தைச் சரிபாருங்கள், ஆப்பை அழித்துவிட்டு மறுபடி நிறுவுங்கள்.

இந்த இடத்தில் வாசகர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஆர்டர் விவரத்தைத் திறந்து பார்த்தால், பங்குச்சந்தை கொடுத்த ஆர்டர் எண் என்று தனியாக ஒன்று இருக்கும். அது வந்திருந்தால் உங்கள் ஆர்டர் என்எஸ்இக்கோ பிஎஸ்இக்கோ போய்ச் சேர்ந்துவிட்டது, நீங்கள் கேட்ட விலைக்கு ஆள் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். அது வராமல் புரோக்கரின் எண் மட்டும் இருந்தால் ஆர்டர் அவர்கள் கணினியை விட்டு வெளியே போகவே இல்லை. இரண்டையும் திரையில் பார்த்தால் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும், பழி யார் மேல் என்பது அந்த எண்ணில்தான் இருக்கிறது. எனவே தகராறு வந்தால் நேரம் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், மாலையில் ஆப் ஒன்றும் தெரியாத மாதிரி பளிச்சென்று ஓடும்.

விதி இல்லாமல் இல்லை. பங்குச்சந்தையைக் கட்டுப்படுத்துகிற அமைப்பான செபி 2022 நவம்பரில் ஒரு சுற்றறிக்கை போட்டது, 2023 ஏப்ரல் முதல் அமலுக்கு வந்தது. தொடர்ச்சியாக 5 நிமிடம் அல்லது அதற்கு மேல் ஆப் தடுமாறினாலே அது தொழில்நுட்பக் கோளாறு, அதைக் குறித்த நேரத்துக்குள் புரோக்கர் பங்குச்சந்தைக்குத் தெரிவிக்க வேண்டும், பிறகு காரணத்தை ஆராய்ந்து அறிக்கை கொடுக்க வேண்டும், பங்குச்சந்தை அதைத் தன் இணையதளத்தில் போட வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. புரோக்கருக்குத் தண்டத்தொகையும் உண்டு. ஆனால் அன்று காலை விற்க முடியாமல் நின்றவனுக்குத் தானாக எதுவும் வருவதில்லை. கணக்கு திறக்கும்போது நாம் படிக்காமல் கையெழுத்து போட்ட நிபந்தனைகளில், கோளாறால் வரும் நஷ்டத்துக்கு நிறுவனம் பொறுப்பல்ல என்கிற ஷரத்து பெரும்பாலும் இருக்கும்.

2023 அக்டோபரில் ஐஆர்ஆர்ஏ என்று ஒரு மாற்று வழியும் தொடங்கினார்கள். புரோக்கரின் கணினி முழுக்கப் படுத்துவிட்டால், வாடிக்கையாளருக்கு எஸ்எம்எஸ்ஸிலும் மின்னஞ்சலிலும் இணைப்பு வரும், அதன் வழியாக உள்ளே போய்க் கையில் திறந்திருக்கும் வர்த்தகத்தை முடித்துக்கொள்ளலாம், நிற்கிற ஆர்டரை ரத்து செய்யலாம். புதிதாக வாங்க முடியாது. நல்ல ஏற்பாடு. ஆனால் நாமாக அதைத் திறக்க முடியாது, புரோக்கர் கேட்க வேண்டும் அல்லது பங்குச்சந்தையே முடிவெடுக்க வேண்டும். என் மாதிரி அரைகுறையாக உறைந்தவர்களுக்கு அது எட்டாது. சத்துவாச்சாரியில் எனக்குத் தெரிந்த நண்பர்கள், தினமும் டிரேட் செய்கிறவர்கள், அவர்களிடம் கேட்டால் ஐஆர்ஆர்ஏ என்ற பெயரையே கேட்டதில்லை என்கிறார்கள். ஐபிஓ என்கிற புதுப் பங்கு வெளியீடு வந்தால் விடிகாலையிலேயே நோட்டிஃபிகேஷன் அனுப்பத் தெரிந்த ஆப்களுக்கு இதை ஒரு முறை அனுப்பத் தெரியாதா?

கட்டணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 'பூஜ்யம் புரோக்கரேஜ்' என்று விளம்பரம். வாங்கும்போதும் விற்கும்போதும் 0.1 சதவீதம் பங்குப் பரிவர்த்தனை வரி, அது அரசுக்கு, அதை விடுங்கள். டீமேட்டிலிருந்து விற்கும் நாளில் ஒவ்வொரு கம்பெனிப் பங்குக்கும் தனியாக டிபி கட்டணம் என்று ஒன்று, டீமேட் கணக்கிலிருந்து பங்கை வெளியே எடுப்பதற்கான கட்டணம், எடுப்பார்கள், பல இடங்களில் 15 ரூபாயை ஒட்டி. ஒரு பங்கு விற்றாலும் அதுதான், ஆயிரம் பங்கு விற்றாலும் அதுதான். லட்சக்கணக்கில் விற்பவருக்கு அது ஒன்றுமில்லை. பாக்கெட் மணியில் 200 ரூபாய்ப் பங்கு ஒன்று வாங்கி 210க்கு விற்ற கல்லூரிப் பையனுக்குக் கிடைத்த லாபம் எங்கே போனது என்றே புரியாது, கணக்குப் பட்டியலைத் தோண்டினால்தான் தெரியும்.

எஃப் அண்ட் ஓ, அதாவது பங்கின் வருங்கால விலையை வைத்துச் செய்கிற ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வர்த்தகத்தின் கதை இதைவிட மோசம். செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வில், முந்தைய 3 நிதியாண்டுகளில் அதில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டிருக்கிறார்கள், மொத்தம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். 10 பேரில் 9 பேருக்கு நஷ்டம் என்ற எச்சரிக்கையை லாகின் செய்யும்போதே காட்ட வேண்டும் என்று 2023 ஜூலையிலிருந்து விதி. காட்டுகிறார்கள். அந்தப் பெட்டி வந்த வேகத்தில் கட்டைவிரல் அதை மூடிவிடுகிறது.

நம் ஊருக்கு இதெல்லாம் கூடுதலாகவே உறைக்க வேண்டும். காட்பாடியைத் தலைமையிடமாக வைத்து, பங்குச்சந்தையில் போட்டு மாதாமாதம் லாபம் தருகிறோம் என்று பணம் வசூலித்த நிறுவனம் 2022இல் கவிழ்ந்து எத்தனை குடும்பங்கள் தெருவுக்கு வந்தன என்று உங்கள் செய்தியாளர்களுக்கே தெரியும். முறையாகப் பதிவு பெற்ற புரோக்கரிடம் புகார் சொல்ல வழி தெரியாமல் அலுத்துப் போகிறவன்தான், வாட்ஸ்அப்பில் 'நான் பார்த்துக்கொள்கிறேன் சார்' என்று தமிழில் இனிக்க இனிக்கப் பேசுகிற மோசடிக்காரனிடம் போய் விழுகிறான்.

புகாருக்கு வழி இருக்கிறது. முதலில் நிறுவனத்துக்கு எழுத வேண்டும், சரிவரவில்லை என்றால் செபியின் ஸ்கோர்ஸ் என்கிற புகார் தளம், அதில் 21 நாளுக்குள் நிறுவனம் பதில் சொல்ல வேண்டும், அதற்கும் மேலே ஸ்மார்ட் ஓடிஆர் என்று இணையவழித் தீர்வு. நான் ஸ்கோர்ஸில் பதிந்திருக்கிறேன், பார்ப்போம். போலி ஆப்பில் பணம் போனவர்கள் இங்கே காத்திருக்காமல் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு போன் செய்ய வேண்டும்.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். புரோக்கர்களின் கோளாறுகளைப் பங்குச்சந்தைகள் தங்கள் தளத்தில் போடுகின்றன என்று மேலே சொன்னேன் இல்லையா, அதை வாரம் ஒரு முறை, திங்கள்கிழமை வணிகப் பக்கத்தில் சின்னக் கட்டமாகத் தமிழில் போடுங்கள். எந்த நிறுவனம், எந்தத் தேதி, எவ்வளவு நேரம், என்ன காரணம் சொன்னார்கள். தங்கம் விலைக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
காந்தி நகர், காட்பாடி